வரலாற்று ஆலோசனை: டாக்டர் சேதுராமன்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் பதினான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொதுச் சொத்து. யார் வீட்டில் பொங்கலுக்குக் கூடினாலும், இரண்டாம் சுற்றுக் காபி வரும்போது யாராவது ஒருவர், "நம்ம பார்த்தசாரதி அந்த சினிமாக்காரன் மூக்கை உடைச்சாரே, அதைச் சொல்லுங்கோ" என்று ஆரம்பித்துவிடுவார். பார்த்தசாரதி சொல்லமாட்டார். காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நழுவிவிடுவார். மற்றவர்கள்தான் சொல்வார்கள். மனிதருக்குத் தன்னடக்கம் அதிகம் என்று நானும் என் கணவர் கிருஷ்ணமூர்த்தியும் பேசிக்கொள்வோம்.

இந்த 1975 தீபாவளி மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று சென்னையிலிருந்து ஆசிரியர் எழுதியிருந்தார். "ஜெர்மனிக் கதையாக இருக்கட்டும். பனி மட்டும் வேண்டாம். ஏற்கெனவே மூன்று பேர் பனி பெய்யவைத்திருக்கிறார்கள்." நான் யோசிக்காமல் பதில் போட்டேன். அபாச்சி மக்களைப் பற்றி ஜெர்மன்காரர்கள் எடுத்த ஒரு குதிரைச் சண்டைப் படம். அதில் பதினொரு வரலாற்றுப் பிழைகளைக் கண்டுபிடித்து, 'இதில் உள்ளது வரலாறுதான்' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்த தஞ்சாவூர் ஜில்லாக்காரர். ஆசிரியர் மகிழ்ந்துபோய் அறிவிப்பே போட்டுவிட்டார்: 'கையெழுத்திட மறுத்தவர். வைதேகி கிருஷ்ணமூர்த்தி எழுதும் உண்மைக் கதை.'

'உண்மை' என்ற சொல்லை நான் எழுதவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது. அந்த இதழ் விமானத் தபாலில் வந்த நாளிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

இதுவரை எழுதி அடித்த தொடக்கங்கள்:

'1966ஆம் ஆண்டு. வெளியே பனி' (நிறுத்து. அது செப்டம்பர் மாதம். ஆசிரியரும் வேண்டாம் என்றிருக்கிறார்.)

'அரிசோனாப் பாலைவனத்தில் சூரியன் உதித்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு பசுமாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அது ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வேபிய மலைச்சரிவில் ஒரு கல்குவாரி.' (இது பரவாயில்லை.)

'சேதுராமன் சார் என்னை மன்னிக்க வேண்டும்.'

மூன்றாவது தொடக்கம் நான் வேண்டாம் என்றாலும் பேனாவில் வந்து நிற்கிறது. சேதுராமன் சார் பார்த்தசாரதியின் அப்பா. மன்னார்குடியில் உயர்நிலைப் பள்ளிச் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மூன்று வருடம் முன்பு ராஜராஜ சோழன் காலத்துக் கதை ஒன்றில் நான் ஒரு சமையற்காரனைப் பச்சைமிளகாய் கிள்ளிப் போடவைத்தேன். அடுத்த இதழில் கடிதம்: 'மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது. கதாசிரியை ஐந்நூறு ஆண்டு முந்திக்கொண்டார். அவருடைய வேகத்துக்கு என் பாராட்டுகள். ஆர். சேதுராமன், மன்னார்குடி.'

அதைக் காட்டி, யார் இந்த மனிதர் என்று நான் பொரிந்து தள்ளியபோது பார்த்தசாரதி காதைச் சொறிந்துகொண்டு, "அது என் அப்பா" என்றார். அன்றிலிருந்து எந்த வரி எழுதினாலும் அந்தக் கிழவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

2

பார்த்தசாரதிக்கு அப்போது முப்பது வயது. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தார். (திருத்தம்: 1967க்கு முன்பு அது பல்கலைக்கழகம் அல்ல, தொழில்நுட்ப உயர்கல்லூரி. சொன்னவர் பார்த்தசாரதி. அவர் திருத்துவதை எல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டுவைக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.) கூடவே ரொய்ட்லிங்கனில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை. ஐயங்கார் வீட்டுப் பிள்ளை பச்சைத் தோலில் கை வைப்பது மன்னார்குடியில் லேசான விஷயமா? சொந்தச் சித்தப்பா தன் பெண் கல்யாணத்துக்கு சேதுராமன் சாரை அழைக்கவில்லை. பத்திரிகை வைக்க வந்தவர்கள் அந்த ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள்.

1966 கோடையில் ஆலைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அறுபது அபாச்சிகளுக்கு உடை தைக்கத் தோல். படப்பிடிப்பு நடந்த கல்குவாரியில் கூடாரம் போட்டுத் தையற்காரிகள் காத்திருந்தார்கள். தோல் மூட்டைகளோடு லாரியில் போய் இறங்கினார் பார்த்தசாரதி. உயரமான கூம்புக் கூடாரங்கள். நடுவில் பட்சி முகமும் கரடி முகமும் செதுக்கி வண்ணம் பூசிய பெரிய மரத்தூண். தலையிலிருந்து இடுப்புவரை இறகு தொங்கும் மகுடங்கள். மகுடங்களுக்கு அடியில் இருந்தவர்கள் கார் தொழிற்சாலையில் வேலை செய்த இத்தாலியர்கள், கிரேக்கர்கள். திங்கள் முதல் வெள்ளிவரை கார், சனிக்கிழமை அபாச்சி.

தலைமைத் தையற்காரி தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அவர்கள் தோலை இப்படித்தான் பதப்படுத்துவார்களா என்று கேட்டாள். "தெரியாது" என்றார் பார்த்தசாரதி. அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை. தெரியாது என்று சொல்லிவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அடுத்த மூன்று வாரமும் வேலை முடிந்து ஸ்டுட்கார்ட்டில் அமெரிக்க நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பிழைப் பட்டியல் அப்படித்தான் உருவானது.

அந்தப் படம் நடப்பதாகச் சொல்லும் பகுதியில் அபாச்சிகள் குச்சிகளை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த குடிசைகளில் இருந்தார்கள். கூம்புக் கூடாரம் சமவெளிக்காரர்களுடையது.* இறகு மகுடமும் அவர்களுடையதுதான். செதுக்கிய தூண் ஆயிரம் மைலுக்கு அப்பால் வடமேற்குக் கடற்கரைக்காரர்களுடையது. அபாச்சி ஆண்கள் பெரும்பாலும் பருத்திச் சட்டை போட்டு, நெற்றியில் துணி கட்டி, முழங்கால்வரை வரும் மென்தோல் காலணி அணிந்தார்கள். படத்திலோ குளிர்காலத்துக்குப் புறப்பட்டவர்கள்போல உடம்பு முழுக்கத் தோலும் குஞ்சமும். அதுவும் என்ன தோல்! வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் உள்ளே நீலம் பாரித்திருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலின் அடையாளம் அது. அந்த முறை ஆலைகளுக்கு வந்தது 1880களில். படம் நடப்பது 1871இல். மானின் மூளையை அரைத்துத் தேய்த்துப் புகை காட்டிப் பதப்படுத்திய தோலாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பிழையை உலகத்தில் பார்த்தசாரதியைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனாலேயே அவருக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இப்படியாகப் பத்து. பதினொன்றாவதை எட்வின் சொன்னார்.

* மிகச் சரியாகச் சொன்னால், கிழக்கே இருந்த சில அபாச்சிப் பிரிவினர் கூம்புக் கூடாரமும் வைத்திருந்தார்கள். இந்தக் குறிப்பு சேதுராமன் சாருக்காக. இல்லாவிட்டால் கடிதம் வரும்.

3

எட்வின் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி அமெரிக்கப் படைமுகாம்கள் உண்டு, சரி. அதில் அரிசோனாவிலிருந்து வந்த ஓர் அபாச்சிச் சிப்பாய் இருந்தார், அதுவும் சரி. சனிக்கிழமை பொழுது போகாமல் அவர் சரியாக அந்தக் கல்குவாரிக்கே துணை நடிகராக வந்து சேர்ந்தார் என்றால், ஒரு வாசகியாக நான் புருவத்தை உயர்த்துவேன். பார்த்தசாரதியிடம் புகைப்படம் இல்லை. குடும்பப் பெயரும் நினைவில்லை. அவர் சொன்னார், நான் நம்புகிறேன், அவ்வளவுதான்.

என் முதல் வரைவில் எட்வின் இப்படி வந்தார்: 'பாறையின் மேல் அசையாமல் நின்றான் அவன். கழுகுக் கண்கள். தொலைவானத்தையே நோக்கிய அந்த ஆழ்ந்த மௌனத்தில்'

பார்த்தசாரதி அந்த இடத்தில் பென்சிலை வைத்தார்.

"வைதேகி, இது அந்த டைரக்டர் எடுத்த ஷாட்னா?"

"ஏன், நன்னா இல்லையா?"

"நன்னாத்தான் இருக்கு. ஆனா எட்வின் குள்ளம். சோடாபுட்டிக் கண்ணாடி. ஆர்மியில ரேடியோ ரிப்பேர் பண்ணிண்டிருந்தார். வாயை மூடவே மாட்டார். பௌலிங்னா உயிர். என்னை ரெண்டு தடவை இழுத்துண்டு போய்த் தோற்கடிச்சார்."

எனக்குக் காது சுட்டது. அபாச்சிகளைத் தப்பாகக் காட்டிய படத்தைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்து, மூன்றாம் பக்கத்தில் அதே தப்பை நானே செய்திருக்கிறேன். அதுவும் மூக்கும் முழியுமாக, அழகான தமிழில்.

சரி, உள்ளபடி: எட்வின் அபாச்சியாக நடிக்கத்தான் வந்தார். இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முகம் எடுபடாது" என்று சொல்லிக் குதிரைப்படைச் சிப்பாயாகப் போட்டுவிட்டார். நிஜ அபாச்சி நீலச் சீருடையில் நின்று, இறகு வைத்த இத்தாலியர்களைச் சுட்டார். இதைச் சொல்லிச் சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

ஒரு காட்சி எடுத்த அன்று மட்டும் சிரிக்கவில்லை. விடியற்காலை. வெள்ளைக்காரக் குடியேறிகளின் ஊர் தூங்குகிறது. அபாச்சிகள் ஓசையில்லாமல் வந்து பெண்களையும் குழந்தைகளையும் வெட்டுகிறார்கள். '1871, ஏப்ரல்' என்று திரையில் எழுத்து வரும் என்றார்கள்.

அன்று எட்வின் சொன்னது: 1871 ஏப்ரல் கடைசி நாளில் விடியற்காலையில் அப்படி ஒன்று நடந்தது உண்மை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் அபாச்சிகள். ராணுவ முகாமின் பாதுகாப்பை நம்பி ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்கள். டூசன் நகரத்திலிருந்து ஆட்கள் கிளம்பி வந்து நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். ஏறக்குறைய எல்லாரும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு நடந்தது. ஜூரிகள் பத்தொன்பது நிமிடம் யோசித்து எல்லாரையும் விடுதலை செய்தார்கள். எட்வினின் கொள்ளுப்பாட்டி அன்று ஆறு வயதுப் பெண். ஒரு புதரில் கிடந்து பிழைத்தவள்.

"அவர் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டார்" என்றார் பார்த்தசாரதி. "உன்கிட்ட ஸர்ட்டிஃபிகேட் கேட்கப் போறான்னு பேசிக்கறா. மத்த பத்தையும் விட்டுத் தள்ளு. இதுக்கு மட்டும் ஸைன் பண்ணாதேன்னார். பண்ணமாட்டேன்னு சொன்னேன்."

எட்வின் வேண்டாம் என்று அவரை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தேன். கதை துணிமணி, தொப்பி பற்றிய வம்பாகச் சுருங்கிவிட்டது. ஆகவே இருக்கட்டும், கண்ணாடியோடு.

4

இனி வருவது பதினான்கு குடும்பங்களும் சொல்லும் பகுதி. நான் ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்த பகுதி.

படத்தைப் பள்ளிக்கூடங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு ஆசை. அதற்குப் படித்த ஒருவர், பெயருக்கு முன்னால் டாக்டர் உள்ளவராக, 'இதில் உள்ளது வரலாறுதான்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தோல் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறை எழுதி அனுப்பும் இந்த இளைஞர் அப்போதுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். தயாரிப்பு நிர்வாகி காகிதத்தோடு ஆலைக்கே வந்துவிட்டார். பார்த்தசாரதி படித்துப் பார்த்தார். "பதினொரு பிழைகளையும் திருத்துங்கள். பிறகு போடுகிறேன்" என்றார். நிர்வாகி கெஞ்சினார், பிறகு மிரட்டினார். பார்த்தசாரதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

(இதை எழுத எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கை தானாக ஓடியது.)

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். துருக்கிக் கடைச் சிவப்புப் பருப்பில் வைத்த சாம்பாரை முடித்துவிட்டு நானும் என் கணவரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். குதிரைகள் ஓடின. தூரத்தில் ஊசியிலை மரங்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஏன்னா, இது அந்தப் படம்! பார்த்தசாரதி மூக்கை உடைச்ச படம்!" என்று கத்தினேன். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. உடை, ஒப்பனை, குதிரைப் பயிற்சி. பிறகு, நடுத்திரையில், தனியாக:

வரலாற்று ஆலோசனை: டாக்டர் சேதுராமன்.

என் கணவர், "அட, இவர் பெயரும் சேதுராமனா?" என்றார். எஞ்சினியர். எதையும் நேராகப் பார்ப்பவர்.

5

அடுத்த சனிக்கிழமை பார்த்தசாரதி வந்தார். அந்த வாரம் மாடிப்படி பெருக்கும் முறை எங்களுடையது. வீட்டுக்காரம்மா கைப்பிடியில் விரலால் தடவிப் பார்ப்பவள். என் கணவர் துடைப்பத்தோடு படியில் இருந்தார். அடுக்களையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"டீவியில அந்தப் படம் போட்டான்" என்றேன்.

அவர் கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார். "பார்த்துட்டேளா?"

"உங்க அப்பா எப்போ ஜெர்மனிக்கு வந்தார், பார்த்தசாரதி?"

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. 1963இல் வந்து இறங்கிய மறுநாள், அயல்நாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை நீட்டினார்கள். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்துத்தானே. காலியாக விடக் கூடாது என்றாள் அந்த அம்மாள். எஸ். என்பதை விரித்து அப்பா பெயரை எழுதினார். அன்று முதல் ஆலையில், வங்கியில், முனைவர் பட்டச் சான்றிதழில் எல்லாம் அவர் ஹெர் சேதுராமன், திருவாளர் சேதுராமன்.

"அப்போ கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். ஸைன் பண்ணிட்டேன், வைதேகி."

நவம்பரில் அவருடைய தங்கும் அனுமதி முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் ஆலையிலிருந்து வேலைக்கடிதம் வேண்டும். படக் கம்பெனி ஆலைக்குப் பெரிய வாடிக்கை. முதலாளி தன் மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் வேலைக்கடிதம், வலது பக்கம் சான்றிதழ். மிரட்டவெல்லாம் இல்லை. காபி வேண்டுமா என்று கேட்டார்.

"எட்வின்?"

"அப்புறம் நான் குவாரிக்குப் போகலை. எப்படிப் போறது? ரெண்டு மாசம் கழிச்சு முகாம்ல விசாரிச்சேன். யூனிட் மாறிப் போயிட்டார்னா. வியட்நாமோ என்னவோ. சொல்லமாட்டேன்னுட்டா."

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. இந்த மனிதர் பத்து வருடமாகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடியதைத் தன்னடக்கம் என்று நினைத்தோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே, ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயமும் வந்தது. மூன்றையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

"பின்னே அந்த மறுத்த கதை யார் கிளப்பினது?"

"நான்தான் அதுவும்."

பிழைப் பட்டியலை உற்சாகமாக அப்பாவுக்கு ஏரோகிராமில் எழுதியிருந்தார். அப்பா அதைப் பத்தாம் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். 'திருத்தினார்களா?' என்று கேட்டுப் பதில் போட்டார். அந்தக் கடிதம் வந்தபோது கையெழுத்துப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

"திருத்தலை, ஆகையால் நான் கையெழுத்திட மறுத்துவிட்டேன்னு எழுதினேன். ஒரே ஒரு வரி. ஏரோகிராம்ல கீழே இடம் இருந்தது, வைதேகி. எழுதிட்டேன்."

சேதுராமன் சார் அந்த ஏரோகிராமை எடுத்துக்கொண்டு, தன்னைக் கல்யாணத்துக்கு அழைக்காத தம்பி வீட்டுக்கே போனார். கூடத்தில் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துவிட்டு, "என் பிள்ளை தோலைத்தான் தொடறான். பொய்யைத் தொடலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து முதல் அழைப்பு அவருக்குத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், ஓய்வு பெறும்வரை, முதல் நாள் சரித்திர வகுப்பில் அந்தக் கதையைத்தான் சொன்னாராம். ஊருக்குப் போய் வந்த யாரோ ஒருவரோடு அது ஸ்டுட்கார்ட்டுக்கும் வந்து சேர்ந்தது.

பார்த்தசாரதி கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் உள்ளபடி எழுதுங்கோ. ஒரு பிழை வராம நான் பார்த்துத் தரேன். அந்த ஒரு இடத்துல மட்டும் மறுத்தேன்னு போட்டுடுங்கோ. அப்பாவுக்கு அறுபத்துமூணு வயசு. அந்தப் பத்திரிகையை அட்டை விளம்பரம்வரை படிப்பார்."

6

ஆக, என் முன்னால் மூன்று முடிவுகள்.

அ. மறுத்தார். நான்காம் பகுதியில் இருக்கிறதே, அதேதான். அதைவிட நல்ல பத்தி நான் எழுதியதில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகும் இடம் எனக்கே பிடித்திருக்கிறது. அதுதான் கவலை. அந்த இயக்குநருக்கும் இறகு மகுடம் பிடித்துத்தானே இருந்திருக்கும்? குடிசைக்கும் நெற்றித் துணிக்கும் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று அவரும் நினைத்திருப்பார். என் ஆசிரியர் ஒரு வீரரைக் கேட்டார், நான் பார்த்தசாரதியின் தலையில் இறகு சூட்டுகிறேன். அதுகூடப் போகட்டும். புதரில் கிடந்து பிழைத்த அந்த ஆறு வயதுப் பெண்ணின் காலையைத் தலைகீழாக மாற்றியதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. அதை இல்லை என்று நான் எழுதினால், அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகாதா?

ஆ. போட்டார். எழுதலாம். பத்து வருடமாக ஒரு கிழவர் நிமிர்ந்து நடக்கும் தெருவில், தீபாவளியும் அதுவுமாக, அத்தனை பேர் கையிலும் இருக்கும் மலரில், அவர் பிள்ளை பொய் சொன்னான் என்று அச்சடித்துக் கொடுக்கலாம். பெயரை மாற்றலாமே என்பீர்கள். பதினொரு பிழையும் மன்னார்குடிப் பையன்களுக்கு மனப்பாடம். யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

இ. டைபாய்டு. 'கடும் காய்ச்சல், கதை இல்லை' என்று ஆசிரியருக்குத் தந்தி.

இந்த மூன்றுக்கும் நடுவில் ஆறு வாரம் அல்லாடினேன். 'ஆ'வை ஒரு நாள் எழுதினேன். 'அ' ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் படித்துப் படித்து, 'பார்த்தசாரதி கையெழுத்து' என்ற இடத்துக்கு வந்ததும் அடுத்த சொல்லைப் படிக்காமலே தாளைத் திருப்பிவைத்துவிடுவேன். ஒரு தடவை, படமே தொலைந்துவிட்டது என்று எழுதலாமா, ஆலை தீப்பிடித்தது என்று எழுதலாமா என்றுகூட யோசி

வெட்கக்கேடு. விட்டுவிடுகிறேன்.

7

போன சனிக்கிழமை காலை பார்த்தசாரதியைக் கூப்பிட்டு எல்லாத் தாள்களையும் கொடுத்தேன். மேலே நீங்கள் படித்தது அத்தனையும். கூடவே இரண்டு தனித் தாள்கள். ஒன்றில் அவர் மறுக்கிறார், மற்றதில் போடுகிறார்.

"எது வேணுமோ வைச்சுக்கோங்கோ. மத்ததை நான் கிழிச்சுடறேன்" என்றேன். சொல்லிவிட்டு, துணி உலர்த்துகிறேன் என்று மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டேன். உலர்த்த இரண்டே துண்டுகள்தான் இருந்தன. முக்கால் மணி நேரம் உலர்த்தினேன்.

திரும்பி வந்தபோது அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். மறுக்கும் தாளில் ஒரு கோடுகூட இல்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"இதுல திருத்த ஒண்ணும் இல்லை" என்றார். "நடக்காத விஷயத்துல என்ன பிழை இருக்கும்?"

மற்றத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதியிருந்தது இது: 'நின்றபடியே, கறுப்பு மையில், கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார்.'

'நின்றபடியே' என்பதை அடித்து 'உட்கார்ந்து' என்று எழுதியிருந்தார். 'கறுப்பு' என்பதை அடித்து 'நீல' என்று எழுதியிருந்தார். 'கை நடுங்க' என்பதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில்: 'நடுங்கவில்லை.'

'போட்டார்' என்ற சொல்லில் பென்சில் படவே இல்லை.

நான், "ஆசிரியருக்கு அனுப்பிடட்டுமா?" என்றேன்.

"முதல்ல அப்பாவுக்கு அனுப்புங்கோ."

"நீங்களே ஒரு லெட்டர் போடலாமே, பார்த்தசாரதி. பிள்ளை எழுதினா..."

"ஒன்பது வருஷமா எத்தனை ஏரோகிராம் வாங்கியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தா இன்னொரு பொய்தான் வரது. சௌக்கியம், குளிர் ஜாஸ்தி, வேலை நன்னா போறது. நீங்க எழுதினதை நான் திருத்திட்டேன். அவருக்கு என் கையெழுத்துத் தெரியும்."

பென்சில் திருத்தங்களோடேயே அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் கார்பன் வைத்து எழுதுகிறவள். அந்த நகலை அவர் எடுத்துச் சத்தமில்லாமல் நான்காகக் கிழித்தார். மறுக்கும் தாளைக் கிழிக்க வேண்டாம், அதுவும் போகட்டும், அப்பா இரண்டையும் பார்க்கட்டும் என்றார். உறையின் மேல் மன்னார்குடி விலாசத்தை அவரே எழுதினார். எழுதி முடித்த பிறகும் பேனா காகிதத்திலேயே இருந்தது.

இந்த ஏழாம் பகுதியை அவர் போன பிறகு எழுதிச் சேர்க்கிறேன்.

சேதுராமன் சார், வணக்கம். நான் மிளகாய் வைதேகி. இதுவரை 'வாசகர்களே' என்ற பாவனையில் எழுதிக்கொண்டு வந்தது எல்லாம் உங்களுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் கையில் வைத்திருப்பது ஒரே பிரதி. வேறு நகல் கிடையாது. இதைக் கிழித்துப்போட உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் செய்தால் என்னிடமிருந்தோ உங்கள் பிள்ளையிடமிருந்தோ ஒரு வார்த்தை வெளியே வராது, எனக்கு டைபாய்டு வந்துவிடும். அவர்மேல் கோபப்படவும் உங்களுக்கு உரிமை உண்டு. எட்வினுக்காக நானும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் 'போட்டார்' என்ற இடத்தில் அவர் பென்சில் நின்றதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அழுத்தியிருக்கிறார், எழுதவில்லை.

இதை வெளியிட வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், ஆசிரியரின் விலாசம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிழைகள் இருந்தால் திருத்திவிட்டு அனுப்புங்கள். தலைப்பையும் மாற்றிவிட்டேன், அந்த அறிவிப்பில் இருந்தது வேண்டாம் என்று.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை நீங்கள் மலரில் அச்சாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மன்னார்குடியில் ஒருவர் இதைக் கடைசிவரை படித்து, மடித்து, உறையில் போட்டு, தன் கையால் தபாலில் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்கு முன்னால் எத்தனை நாள் அதை வீட்டில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.